நாங்கள் அடிக்கிறோம்

(டெக்சஸ் மாநிலம், ஃப்ரிஸ்கோ. டிசம்பர் மாதத்து ஞாயிறு இரவு. சமையலறை மேசையில் மருமகனும் மாமனாரும். மாடியிலிருந்து தலையணையை யாரோ சீராக அடிக்கும் ஓசை.)

மாப்பிள்ளை: ஒப்பந்தம் வந்துவிட்டது மாமா. இரண்டு மாதங்களாக நாங்கள் பட்ட பாட்டுக்கு இதுதான் பலன்.

மாமனார்: மிகவும் மகிழ்ச்சி மாப்பிள்ளை. 17 வயதில் என் பேத்தியைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் அது சாதாரணக் காரியமா? சம்பளத்தை மாதாமாதம் தருவார்களா, கோடை முடிந்ததும் மொத்தமாகத் தருவார்களா?

மாப்பிள்ளை: அவர்கள் தரமாட்டார்கள் மாமா. நாம்தான் தர வேண்டும்.

மாமனார்: முன்பணமா?

மாப்பிள்ளை: முழுப்பணமும். 5,000 டாலரைத் தாண்டும். மாதாந்திர முகாம்களுக்குப் போய்வரும் விமானக் கட்டணம் தனி.

மாமனார்: பொறுங்கள். மே கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை கொளுத்தும் வெயிலில் நாள் முழுவதும் டிரம்மைச் சுமந்துகொண்டு நடக்கப்போகிறவள் அவள். இரவில் ஏதாவது ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையிலோ, ஓடுகிற பேருந்தின் இருக்கையிலோ தூங்கப்போகிறவளும் அவள். அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் நாம். இதற்கு ஒப்பந்தம் என்று யார் பெயர் வைத்தார்கள்? உடம்பையும் வருத்திக்கொண்டு உண்டியலிலும் போடுவதற்கு எங்கள் ஊரில் வேண்டுதல் என்று பெயர்.

மாப்பிள்ளை: இது டிரம் கோர் மாமா, நடந்துகொண்டே வாசிக்கிற இசைக்குழு. இங்கே இதற்கு இருக்கிற மரியாதையே வேறு.

மாமனார்: அந்தச் சொல்லையே நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய சட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கார்ப்ஸ்’ என்று வருகிறது. நீங்கள் எல்லோரும் ‘கோர்’ என்கிறீர்கள். உகரம் குறுகி ஒலித்தால் குற்றியலுகரம் என்போம். கடைசியில் நிற்கும் இரண்டு மெய்களை அப்படியே விழுங்குவதற்கு எங்கள் இலக்கணத்தில் பெயர் இல்லை.

மாப்பிள்ளை: படை என்று பொருள் மாமா. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் சங்கங்கள்தான் ஊர் ஊராக இந்தக் குழுக்களை வளர்த்தன. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் முதல் சாம்பியன் போட்டி நடந்தது. இப்போது இறுதிப் போட்டி ஆகஸ்டில், இந்தியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் மைதானத்தில் நடக்கிறது. ஓர் அணியில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். புல்லாங்குழல், கிளாரினெட் எதற்கும் இடமில்லை. பித்தளை, டிரம், கொடி சுழற்றுகிறவர்கள், அவ்வளவுதான். 21 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கமாட்டார்கள்.

மாமனார்: 21 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கமாட்டார்களா?

மாப்பிள்ளை: சேர்க்கவே மாட்டார்கள்.

மாமனார்: அப்படியானால் உங்களுக்கு எப்படி இடம் கொடுத்தார்கள்?

மாப்பிள்ளை: எனக்கா?

மாமனார்: ‘நாங்கள் பட்ட பாடு’ என்றீர்கள். நவம்பரில் ‘எங்களுக்கு ஸ்னேர் டிரம்முக்குக் கால்பேக், அதாவது அடுத்த சுற்றுக்கு அழைப்பு, வந்துவிட்டது’ என்று என்னைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னீர்கள். அப்போது இந்தியாவில் அதிகாலை மூன்றரை மணி. 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் கேட்கிறேன், அந்த ‘நாங்கள்’ என்பதில் யார் யார் அடக்கம்?

மாப்பிள்ளை: நானும் அவளும்தான். வேறு யார்?

மாமனார்: ‘நாம்’ என்றால் கேட்கிறவனையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவனை விலக்கிவிடும். நீங்கள் பேசுகிற ‘நாங்கள்’ புது வகையாக இருக்கிறது. அது அடிக்கிறவளையே விலக்கிவிடுகிறது. பணம் என்று வந்ததும் மட்டும் ‘நாம்தான் தர வேண்டும்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். அதைக் கவனிக்காமல் இல்லை.

மாப்பிள்ளை: மாமா, நான் எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. பயிற்சித் தாள்களை அச்செடுத்தேன். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வாங்கினேன். குச்சி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்ப்பதற்காகக் கார் நிறுத்தும் அறையின் சுவரில் அளவுகோல் ஒட்டினேன். மூன்று அங்குலம், ஆறு அங்குலம், ஒன்பது, பன்னிரண்டு என்று ஒவ்வோர் அடிக்கும் உயரம் உண்டு. வரிசையில் நிற்கிற அத்தனை பேருடைய குச்சியும் ஒரே உயரத்துக்கு எழும்ப வேண்டும்.

மாமனார்: அந்த அளவுகோலைப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தால்தான் ஓர் அடி. மூன்று அங்குலத்திலேயே இவர்கள் ஓர் அடி அடித்துவிடுகிறார்கள்.

மாப்பிள்ளை: காணொளித் தேர்வுக்கு 14 முறை படம்பிடித்தோம் மாமா.

மாமனார்: ‘தோம்.’

மாப்பிள்ளை: படம்பிடித்தது நான்தானே! அதிலாவது ‘தோம்’ சொல்லக்கூடாதா?

மாமனார்: சொல்லலாம். ஆனால் 14 முறை எதற்கு என்று அவளிடம் கேட்டேன். மூன்றாவது முறையே திருப்தியாக வந்துவிட்டதாம். மீதி 11 முறையும், அவள் தவறு செய்கிற இடத்துக்கு முன்பே உங்கள் முகம் கோணுவதைக் கேமராவுக்குப் பின்னால் பார்த்துத்தான் தவறு செய்தாளாம்.

மாப்பிள்ளை: அப்படியா சொன்னாள்?

மாமனார்: சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை: சரி, அதை விடுங்கள். இப்போது என் கவலை வேறு. ஒப்பந்தம் வந்திருக்கிறது, ஆனால் ஸ்னேருக்கு இல்லை. பேஸ் என்கிற பெரிய டிரம்முக்கு மாற்றிவிட்டார்கள். அதிலும் நான்காவது டிரம். ஏழு வயதிலிருந்து ஸ்னேர் வாசித்தவளுக்கு இது நியாயமா? பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிவைத்திருக்கிறேன். ‘நாங்கள் ஸ்னேர் கலைஞர்கள்’ என்று தொடங்குகிறது.

மாமனார்: பன்மை இன்னும் போகவில்லை. அது கிடக்கட்டும், பேஸ் டிரம் என்றால் என்ன குறைச்சல்?

மாப்பிள்ளை: ஸ்னேர் என்றால் வரிசையில் நிற்கிற எல்லோரும் முழுப் பாடத்தையும் வாசிப்பார்கள் மாமா. பேஸில் ஐந்து பேர். ஐந்து டிரம்மும் ஐந்து அளவு, ஐந்து சுருதி. வேகமாக ஓடுகிற ஒரு சொற்கட்டை ஐந்தாகப் பிய்த்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். நம் பெண்ணுக்கு வருவது நடுவில் ஒரே ஓர் அடி. மற்ற நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த ஒரே ஓர் அடிக்காகவா 5,000 டாலர்?

மாமனார்: ஐந்து பேரா?

மாப்பிள்ளை: ஐந்து பேர்.

மாமனார்: த, க, த, கி, ட. கண்ட நடையில் ஐந்து எழுத்து. நான்காவது டிரம் என்றால் என் பேத்திக்குக் ‘கி’ கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை, ‘கி’யை எடுத்துவிட்டுச் சொல்லிப்பாருங்கள்.

மாப்பிள்ளை: தகதட.

மாமனார்: மாடிப்படியில் அண்டா உருளுகிற சத்தம் இல்லையா அது? ஒருத்தி தன் ‘கி’யைக் கண்ணிமைக்கும் நேரம் தள்ளிப் போட்டாலும் மற்ற நால்வருடைய மானமும் போய்விடும். ஸ்னேரில் ஒருவன் தவறினால் கூட்டத்தோடு கலந்து தப்பித்துக்கொள்வான். இதில் ஒளிய இடமே கிடையாது. அதைப் போய் நம்பி இவளிடம் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் மறுப்பு எழுதுகிறீர்கள்.

மாப்பிள்ளை: நீங்கள் பேசுவதைக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று தேர்வு நடந்த இடத்தில் நான் நின்று பார்த்தேன் மாமா. அவளைவிட மோசமாக வாசித்த ஒரு பையனை ஸ்னேரில் எடுத்தார்கள்.

மாமனார்: நீங்கள் நின்றதை நானும் காரிலிருந்து பார்த்தேன். உங்களோடு ஏழெட்டு அப்பாக்கள் அந்தக் கதவுக் கண்ணாடியில் மூக்குப் படிய நின்றீர்கள். மூச்சுக்காற்றால் கண்ணாடி மங்கும்போதெல்லாம் ஒருவர் சட்டைக்கையால் துடைத்துவிட்டார். இன்னொருவர் தன் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தார், உள்ளே பிள்ளைகள் ஓய்வெடுத்தபோதும் அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்த மகனிடம் ஒருவர், ‘மூன்றாவது வரியில் நாம் அவசரப்பட்டுவிட்டோம்’ என்றார். உங்களைப்போலவே பன்மை. அந்தப் பையன் ஒரு கேலன் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி வாயில் கவிழ்த்தான், புட்டி காலியான பிறகும் கீழே இறக்கவில்லை. புட்டி வாயில் இருக்கிறவரை பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

மாப்பிள்ளை: அக்கறையை நீங்கள் இப்படிப் பேசக்கூடாது மாமா. செலவைப் பற்றியும் நீங்கள் பேசக்கூடாது. உங்கள் மூத்த மகள் சான் ஹோசேயில் தன் பெண்ணுக்கு அரங்கேற்றம் வைத்தாளே, அப்போது யார் கணக்குக் கேட்டார்கள்? பாடகர், வயலின், மிருதங்கம், நட்டுவாங்கம் என்று நான்கு பேருக்குச் சென்னையிலிருந்து விமான டிக்கெட், மண்டபம், 400 பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு. ஒரே ஒரு மாலைக்கு! நீங்கள் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தீர்கள். டிரம் என்றதும் வேண்டுதல், உண்டியல் என்கிறீர்கள்.

மாமனார்: ஒப்புக்கொள்கிறேன். இது நல்ல அடி, பன்னிரண்டு அங்குலம். உண்டியல் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை: நன்றி.

மாமனார்: ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அரங்கேற்றத்தில் உங்கள் சகலை மேடையேறி 25 நிமிடம் நன்றியுரை ஆற்றினார். பெண் ஆடிய வர்ணத்தைவிட அது கொஞ்சம்தான் குறைவு. ‘நாங்கள் பத்து வருடம் ஆடியிருக்கிறோம்’ என்று அவர் சொன்னபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய காலைக் குனிந்து பார்த்தார். இந்தக் கோரில் அப்பாக்களுக்கு மைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. மின்னஞ்சல் அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: அவளிடம் கேட்டீர்களா, பேஸ் வேண்டுமா வேண்டாமா என்று?

மாப்பிள்ளை: ஒப்பந்தத்தைப் பார்த்ததும் மாடிக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தொந்தரவு செய்யவில்லை.

மாமனார்: சாப்பாடு கொண்டுபோனபோது நான் பார்த்தேன். நாற்காலியின் இரண்டு பக்கமும் தலையணையைக் கட்டி நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் அடிக்கிறாள். பேஸ் டிரம்முக்குத் தோல் மேலே கிடையாதாமே, இடமும் வலமும் பார்த்து இருக்குமாமே? ‘நம்ம ஊர்த் தவில் மாதிரி தாத்தா’ என்று சொல்லிவிட்டு, மற்ற நால்வரின் பகுதியை வாயால் சொல்லிக்கொண்டு தன்னுடையதை மட்டும் அடிக்கிறாள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சட்னி வேண்டுமா என்று கேட்டேன், ‘எண்ணிக்கொண்டிருக்கிறேன், பேசாதீர்கள்’ என்றாள்.

மாப்பிள்ளை: அப்படியானால் அவளுக்குச் சந்தோஷம்தானா?

மாமனார்: அவளுக்குச் சந்தோஷம். ஏமாற்றம் உங்களுக்குத்தான். இதையும் பன்மையில் சொல்லிவிடாதீர்கள்.

மாப்பிள்ளை: சரி, மின்னஞ்சலை அழித்துவிடுகிறேன். ஆனால் நான் என்னதான் செய்வது? ஆகஸ்டு வரை பணம் கட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டுமா?

மாமனார்: அதற்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன். நேற்று நீங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் காகிதத்தோடு வந்து உங்களை மூன்று முறை கூப்பிட்டார். நீங்கள் திரும்பவில்லை, அதனால் என்னிடம் வந்தார். பயணம் முழுவதும் கூடவே ஒரு சமையல் டிரக் போகிறதாம், நாளுக்கு நான்கு வேளை, அத்தனை பேருக்கும் பெற்றோர்கள்தான் சமைக்கிறார்களாம். ஜூலையில் இரண்டு வாரத்துக்கு வெங்காயம் நறுக்க ஆள் வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை: யார் கையெழுத்தை?

மாமனார்: உங்கள் பெயரை எழுதி, ‘நாங்கள் வருகிறோம்’ என்று போட்டேன்.

மாப்பிள்ளை: நாங்களா? நீங்களும் வருகிறீர்களா?

மாமனார்: எனக்கு மார்ச்சில் திரும்புகிற டிக்கெட். நான் எப்படி வருவேன்?

மாப்பிள்ளை: பிறகு எதற்கு மாமா ‘நாங்கள்’?

மாமனார்: இந்த வீட்டில் அப்படித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை: இரண்டு வாரம் விடுப்புக்கு மேலாளரிடம் என்ன சொல்வது? ‘வெங்காயம் நறுக்கப் போகிறேன்’ என்றா?

மாமனார்: பார்த்தீர்களா, ‘போகிறேன்’ என்று ஒருமையில் சரியாக வந்துவிட்டது. கொஞ்சம் பேசாமல் இருங்கள், மாடியில் ஆரம்பிக்கிறாள். த... க... த...

(மாடியிலிருந்து: தொம்.)

மாமனார்: ட.