கோயில் கணக்கு நோட்டு பெரியப்பாவிடமே இருக்கட்டும்

பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு இந்த ஆண்டும் தலைக்கட்டு வரி போட்டுவிட்டார்கள். கூடவே ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. சாமி இல்லை என்று சொல்கிறவர் கையில் சாமி காசுக் கணக்கு எதற்கு, நோட்டை வாங்கி எங்களிடம் கொடுங்கள் என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்களாம். ஓசூருக்கு வேலைக்கு வந்துவிட்டாலும் நானும் வரி கட்டுகிற தலைக்கட்டுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நோட்டு வைத்திருப்பவர் என் பெரியப்பா. ஊரில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. கட்சிக்காரர், அதிகாரி, வாத்தியார், சாமியார் என்று யாரைப் பற்றியும் அவர் வாயில் நல்ல வார்த்தை வராது. ஒருவன் உதவி செய்தால், இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் கேட்பார். கல்யாண வீட்டிலும் அதே பேச்சு, இழவு வீட்டிலும் அதே பேச்சு. பிள்ளைகளே அவரோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார்கள்.

அவருக்கு இருக்கும் ஒரே நண்பர் கோயில் தர்மகர்த்தா. பெரியப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடிகிற 18 நாளும் அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. திரௌபதி என்று பெயர் சொல்ல மாட்டார், அம்மா என்பார். துரியோதனன் விழும் படுகளத்தன்று, மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் வேடக்காரர் அடிக்கும்போது, ஆண்டுதோறும் பார்த்த காட்சிதான் என்றாலும், மாமாவுக்குக் கண்ணீர் நிற்காது.

இந்த இருவரும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகவே இல்லை. டீக்கடை பெஞ்சில் தினமும் சண்டைதான். "நீங்கள் கும்பிடுங்கள், நான் கும்பிடவில்லை, அதைப் பேச வேண்டாம்" என்று நாகரிகமாக ஒதுக்கிவைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அப்படி ஒதுக்கிவைத்துப் பழகச் சொல்லும் அறிவுரை இப்போது எங்கும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மனிதனின் உயிர்நாடியான விஷயத்தை விட்டுவிட்டு மழையையும் தக்காளி விலையையும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவனை எப்போது தெரிந்துகொள்வது?

இளைஞர்களுக்குத் தெரியாத ஒரு பழைய கதை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு பல்லில் பழுப்புக் கறையாகப் படிந்தது. வயதானவர்களுக்கு எலும்பில் இறங்கி முதுகையும் முழங்காலையும் இறுக்கியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கத் தகாத தண்ணீர் அது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அடியிலேயே தங்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு வீடுவீடாகச் சொன்னவர் என் பெரியப்பா. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை மனுநாளில் தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்றார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? தண்ணீரில் விஷம் என்று ஊரெல்லாம் சொல்லி நம் பெண்களுக்கு வரன் வராமல் செய்கிறான் என்றது. ஏதோ ஒப்பந்தத்தில் பங்கு கேட்கிறான் என்றது. அவர் வீட்டு விசேஷத்துக்குப் பலர் வரவில்லை. அவருடைய கசப்பைப் பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரையும் நம்பாதவராக அவர் பிறக்கவில்லை. நாம்தான் அவரை அப்படி ஆக்கினோம்.

அந்த நாட்களில் அவரோடு தருமபுரிக்கு பஸ் ஏறியவர் மாமா ஒருவர்தான். எழுதிய மனுவை வாங்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் ஏறுவார். "கலெக்டருக்கு எழுதிய மனுவில் குங்குமம் எதற்கு?" என்று பெரியப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவார். ஆனால் துடைத்ததில்லை. அதை மாமாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவி கிடைத்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திட்டம் தொடங்கியது. எங்கள் குழாயிலும் காவிரி வந்தது. மாலை, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தன. பெரியப்பாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, அவரும் அந்தப் பக்கம் போகவில்லை. முதல் குடத்தை அம்மனுக்கு அபிஷேகம் செய்த மாமா, அடுத்து ஒரு செம்பு பிடித்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்.

"அம்மா கொடுத்துவிட்டாள் மச்சான்."

"அவள் கொடுப்பதாக இருந்தால் நான் எதற்கு இத்தனை மனு எழுதினேன்?"

"உன்னை எழுத வைத்தது எது?"

"கோபம்."

"அந்தக் கோபம் எனக்கு ஏன் வரவில்லை? உனக்கு மட்டும் அதை யார் கொடுத்தது?"

இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. போன பொங்கலுக்கும் அதே திண்ணையில் அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பெரியப்பா நொந்துபோயிருந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் "விடுங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். அதைச் சொல்லாத ஒரே ஆள், கடவுளை உயிராக நம்புகிற மாமா. ஏன் என்று கேட்டேன். "அவனுக்கு ஊர் செய்தது அநியாயம். அம்மா பெயரைச் சொல்லி அதற்கு மூடி போடலாமா?" என்றார். பக்தி என்றால் இதைத்தான் பக்தி என்பேன்.

சரி, நோட்டுக்கு வருவோம். நீளவாக்கில் இருக்கும் அந்த கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி. அது மாமா கை. பெரியப்பாவின் கணக்கு இரண்டாம் பக்கத்தில் தொடங்கும். வரவு ஊதா மை, செலவு சிவப்பு மை. தீமிதிக்கு வாங்கிய விறகு என்று ஒரு வரி இருந்தால் பக்கத்தில் எடைமேடைச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாவிட்டால் பணம் கிடையாது. ஒரு முறை பந்தல்காரர் மாமாவின் சொந்தத் தம்பி மகன். ரசீதில் தேதி இல்லை என்று பெரியப்பா திருப்பி அனுப்பிவிட்டார். குடும்பமே கொதித்தது. "தேதி போட்டுக்கொண்டு வா" என்றார் மாமா, அவ்வளவுதான். கூத்துக் குழுவுக்குப் பேசிய பணத்தில் ஒரு ரூபாய் குறையாமல், கடைசி நாள் விடிவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதும் பெரியப்பா வைத்த விதிதான். சாமியை நம்பாதவர், விடிய விடிய ஆடிய கலைஞனின் கூலியை மறந்ததில்லை.

பக்தன் பக்தனிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவான். கோயில் காரியத்தில் போய்ச் சந்தேகமா என்பான். அந்தக் கூச்சத்தில்தான் எத்தனையோ கோயில் சொத்துகள் போயின. நீதிக்கட்சி ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டம் வந்ததற்கே, கோயில் வருமானத்தைக் கேட்க ஆளில்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம். பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்தவர்தான். கோயில் நிர்வாகம் அவர் கையில் இருந்ததால் எந்தச் சாமிக்கும் குறை வந்துவிடவில்லை.

பெரியாரைப் பேசினால் ராஜாஜியையும் பேச வேண்டும். நான் வேலை செய்கிற ஓசூருக்குப் பக்கத்தில்தான் அவர் பிறந்த தொரப்பள்ளி. ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்த காலத்திலிருந்தே இருவருக்கும் பழக்கம். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜி அரசு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்த வேகத்தில், மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். இருவரும் கொள்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் 1949-இல் தம் சொந்த வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்றை எடுக்க வேண்டிவந்தபோது பெரியார் திருவண்ணாமலையில் போய்ச் சந்தித்தது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 93 வயதுப் பெரியார் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டு அழுதார். பெரியாரைக் கசந்துபோனவர் என்று நான் சொல்லவில்லை, ராஜாஜியின் அரசியலையும் நான் ஏற்பவன் அல்ல. சண்டையும் நட்பும் ஒரே வாழ்க்கையில் இருக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி அவர்கள். அவர்களைக் கொண்டாடுகிற நாம், திண்ணையில் இருக்கும் இரண்டு கிழவர்களைப் பிரிக்கப் பார்க்கிறோம்.

தம்பிகளே, நோட்டை வாங்கிவிட்டால் தர்மகர்த்தா பொறுப்பை விட்டுவிடுவதாக மாமா சொல்லிவிட்டார். அது மிரட்டல் அல்ல. அவர் அப்படித்தான் செய்வார். உங்களுக்குக் கணக்குப் பழக ஆசை என்றால் பெரியப்பாவிடம் போய் உட்காருங்கள். திட்டுவார், ஆனால் கற்றுக்கொடுப்பார். அதையும் மீறி நோட்டை மாற்றத்தான் வேண்டும் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எந்த வரியில் காசு குறைகிறது என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள்.