63 அருமைகள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கவிதை ஒன்று தொகுப்பு நூலில் வந்தது. வந்தது என்றால், 500 ரூபாய் கட்டினேன், வந்தது. அந்த 500க்கு ஒரு பிரதி, ஒரு சான்றிதழ், ஒரு பொன்னாடை. விழாவில் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கப் படியில் ஏறி, நடுவில் நின்று போட்டோவுக்குச் சிரித்து, அந்தப் பக்கப் படியில் இறங்கினோம். 'கவி' என்று தொடங்கும் ஒரு பட்டம்கூடக் கொடுத்தார்கள். முழுப் பட்டத்தையும் இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட்டேன். 63 பேர் எழுதியிருந்தார்கள். அருமை, மிக அருமை, அருமை தோழி, செம க்கா. நாயன்மார் கணக்கு. ஒரே சந்தோஷம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து உட்கார்ந்து நானும் ஒரு தடவை படித்தேன். கடைசி இரண்டு வரி அச்சில் இல்லை. பக்கத்தில் இடம் போதாமல் விட்டுவிட்டார்கள் போல. "அம்மா கதவைத் திறந்தபோது" என்பதோடு கவிதை அந்தரத்தில் நிற்கிறது. திறந்தபோது என்ன ஆனது? 63 பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒருவர் "முடிவு நெஞ்சைத் தொட்டது" என்றுகூட எழுதியிருந்தார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படித்தான். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே எத்தனை பேர் கவிதைக்குக் கட்டைவிரலால் 'அருமை' தட்டியிருப்பேன். இது மொய் மாதிரி. அவர் என் கவிதைக்கு வைத்தார், நான் அவர் கவிதைக்கு வைக்கிறேன். வைக்காமல் விட்டால் அடுத்த தடவை நம் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராது. மொய் எழுதுகிறவர் கவரில் எவ்வளவு என்று பார்ப்பாரே தவிர, மேடையில் இருக்கிற பொண்ணு மாப்பிள்ளை முகத்தையா பார்க்கிறார்?

என்னைத் தெரியாதவர்களுக்கு: புதுவண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம், எல்லாம் டைப் அடித்துத் தருவேன். கூடவே கவிதையும். இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் கவிதை எழுதுகிறார்கள் என்பது ஜெராக்ஸ் கடை வைத்தால்தான் தெரியும். பழைய டைரி, கிழித்த காலண்டர் தாள், மருந்துக் கடை பில்லின் பின்பக்கம் என்று எதிலாவது எழுதிக் கொண்டுவருவார்கள். பக்கத்துக்கு 30 ரூபாய். காசைக் கொடுத்த பிறகும் நகர மாட்டார்கள். "எப்படி இருக்கு க்கா?" என்பார்கள். "நல்லாருக்கு" என்பேன். முகம் மலர்ந்து போவார்கள். என் கையில் அதற்குள் அடுத்தவரின் ஆதார் கார்டு இருக்கும்.

அந்தப் பொன்னாடைக்கு அப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அடிக்கடி வருகிற நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பையன், ஒரு கல்லூரி மாணவி, ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன். டீயும் பொறையும் வந்தன. முதல் மூன்று வாரம் வெளியில் நடக்கிற அதே கூத்துதான். நேரில் என்பதால் கூடவே கைதட்டலும் இருந்தது.

மாற்றியது பெரியவர். "எழுதினவங்க படிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கிறவங்க படிக்கணும்" என்றார். கேட்கும்போது பெரிய யோசனையாகத் தெரியவில்லை. நமக்கென்று தைத்த சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு நம் எதிரில் நிற்கிற மாதிரி அது. எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது, எல்லாம் பளிச்சென்று தெரியும். நாமே படித்தால் குரலை ஏற்றி இறக்கி ஓட்டையை அடைத்துவிடுவோம். அடுத்தவருக்கு அந்த அக்கறை கிடையாது, தடுக்குகிற இடத்தில் தடுக்குவார். என் கவிதையை ஆட்டோ அண்ணன் படித்தார். மூன்றாவது வரியில் நிறுத்தி, "இது அம்மாவா, மாமியாரா?" என்று கேட்டார். எனக்கே பதில் தெரியவில்லை. ஐந்து வருடமாக நான் சுமந்து திரிந்த கவிதை.

இரண்டாவது வழக்கம் தானாக வந்தது. நல்லாருக்கு என்று சொல்வதற்கு முன்னால் எந்த வரி என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையா, பேசாமல் டீயைக் குடிக்கலாம், தப்பில்லை.

பெரியவரே அதில் மாட்டிக்கொண்டார். அவர் எழுதுவது வெண்பா. தளை தட்டாது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேர்கிற இலக்கணம் எங்கேயும் பிசகாது. ஈற்றடி மூன்று சீரில் கச்சிதமாக வந்து உட்காரும். கேட்டவர்களுக்குத்தான் ஒன்றும் ஒட்டாது. "தாத்தா, எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதுல நீங்க எங்கே இருக்கீங்க?" என்று மாணவி கேட்டுவிட்டாள். எனக்குப் பக்கென்றது. அவர் கோபிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வெண்பா கொண்டுவந்தார். 1955இல் ஐ.சி.எஃப். தொடங்கியபோது அங்கே சேர்ந்தவர் அவருடைய அப்பா, பிறகு இவர். முப்பது வருடம் ரயில் பெட்டிக்கு ஜன்னல் மாட்டியிருக்கிறார். அந்த ஜன்னல்கள் எந்தெந்த ஊரையெல்லாமோ பார்க்கின்றன, மாட்டியவர் பெரம்பூரிலேயே நிற்கிறார். ஒரு இடத்தில் தளை தட்டியது. இருக்கட்டும் விடு என்று அவரே சொல்லிவிட்டார்.

ஐஸ் பையன் கதை கொஞ்சம் நீளம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? ஐஸ் இல்லாவிட்டால் இவனுக்கு என்ன வேலை? அந்த இரண்டு மாதமும் எழுதித் தள்ளுவான். அப்படிக் கொண்டுவந்த ஒன்று இப்படித் தொடங்கியது:

கடலே நீ ஏன் அழுகிறாய்
உன் கண்ணீர் ஏன் உப்பாய்க் கரிக்கிறது

ஸ்டேட்டஸில் வைத்து ஏகப்பட்ட இதயம் வாங்கியிருந்தான். மாணவி படித்தாள், எங்கேயும் தடுக்கவில்லை. ஆனால் யாருக்கும் எந்த வரி என்று சொல்லவும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான். நான்தான் கேட்டேன், "கடல் அழுறதை நீ எப்போ பார்த்த?" முறைத்தான். "கவிதைன்னா அப்படித்தானே க்கா எழுதுவாங்க?" என்றான். "சரி, இப்போ வீட்டுல என்ன நடக்குது?" என்று பெரியவர் கேட்டார். "ஒண்ணும் நடக்கல." தாளைப் பிடுங்கி பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். இனிமேல் வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தான். மடித்த தாளை ஆட்டோ அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

தடைக்காலம்.
மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்து
அரிசி கொட்டி வைக்கிறாள் அம்மா.
சோற்றில் லேசாய்ச் சங்கரா வாசம்.

அண்ணன் ஒரு தடவை படித்தார். யாரும் கேட்காமலே இன்னொரு தடவை படித்தார். ஒருவரும் 'அருமை' சொல்லவில்லை. அந்த இடத்தில் அதைச் சொன்னால் அசிங்கமாக இருந்திருக்கும்.

நாங்கள் அவனுக்கு எதையும் சொல்லித்தரவில்லை. அந்தப் பெட்டி அவன் வீட்டில் முன்பே இருந்தது, அரிசியும் இருந்தது. ஆனால் எங்களிடமும் நாலு 'அருமை' கிடைத்திருந்தால் அவன் இன்னும் கடலிடம்தான் பேசிக்கொண்டிருப்பான். 'புதுசா எழுதுறவங்க, மனசு உடைஞ்சிடும், நாலு நல்ல வார்த்தை சொன்னா என்ன?' என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நல்ல வார்த்தையைத் தாராளமாகச் சொல்லுங்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இதை ஏதோ நாங்கள் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ளவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கானா பாடுகிறவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். என் மாமா தவறியபோது ராத்திரி கானா வைத்தோம். பாட வந்தவர் முதலில் அத்தை பக்கத்தில் வந்து குந்தி, "அண்ணன் என்ன வேலை பார்த்தாரு, என்ன விரும்பிச் சாப்பிடுவாரு, உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பாட்டில் மாமாவை ஹார்பருக்கு சைக்கிளில் அனுப்பிவிட்டார். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, "அதுக்கு ஏதுப்பா சைக்கிளு? நடந்தே போவும், நடந்தே வரும்" என்றாள். பாடுகிறவர் தாளத்தை விடவில்லை. அடுத்த சுற்றில் சைக்கிளைத் தூக்கிவிட்டு மாமாவை நடக்கவிட்டார். கூட்டத்தில் யாரோ "இன்னொரு தபா" என்றார்கள். அத்தை விட்ட இடத்திலிருந்து அழுதாள். அதைவிட நல்ல விமர்சனக் கூட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்போ கண்டபடி கிழிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எல்லா இடத்திலும் ஒரு நக்கீரர் இருப்பார். திருவிளையாடல் கதையில் அசல் நக்கீரர், தருமி கொண்டுவந்த பாட்டில் சொன்ன குற்றம் ஒன்றே ஒன்று: பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா? பாட்டை ஒழுங்காகப் படித்து, இந்த இடம் என்று விரல் வைத்துச் சொன்னார். நம் நக்கீரர்கள் "இதெல்லாம் கவிதையா? எண்டர் தட்டின உரைநடை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். 63 பேர் படிக்காத மாதிரியே இவர்களும் படிக்கவில்லை.

நான் செய்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. வாழ்க்கையில் எழுதிய முதல் கவிதை, ரயில்வே கேட்டைப் பற்றி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சூடு பிடித்திருந்த நேரம், எனக்குத் தலையில் கனம் ஏறியிருந்தது. யாரையும் படிக்கக்கூட விடாமல் தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழு பிழை. இங்கே 'த்' வரும், இங்கே வராது, இது சின்ன 'ர' இல்லை பெரிய 'ற', பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் கலக்காதே. எல்லாம் சரியான திருத்தங்கள்தான், இன்று பார்த்தாலும் ஒன்றுகூடத் தப்பில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தாளை நாலாக மடித்தாள். "தேங்க்ஸ் க்கா" என்றாள். அப்புறம் வரவில்லை.

அவளுக்கு டைப் அடித்துக் கொடுத்த ஃபைல் கடை கம்ப்யூட்டரில் இருந்தது. மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது திறந்துவிட்டேன். நடுவில் மூன்று வரி:

கேட் போட்டுட்டாங்க.
கூட்ஸ் போய் முடியற வரைக்கும்
யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க.

அதே கேட்டில் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு நானும் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், ரயில்வேயைத் திட்டிக்கொண்டு. நாள் முழுக்க வீட்டிலும் கடையிலும் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு அதுதான் ஓய்வு என்று அவள் எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறாள். நான் அதற்கு 'ற' போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேப்பர் பண்டல் வாங்க மாதம் ஒரு தடவை ஆண்டர்சன் தெருவுக்குப் போவேன். ஒருநாள் பெரியவரும் கூட வந்தார். திரும்பும்போது ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெரு வழியாக வண்டியை விடச் சொன்னார். வள்ளலார் குடியிருந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் துணிக்கடைப் பெண்ணைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் இதைச் சொன்னார். தன் பாடல்களை அச்சில் போட வள்ளலார் லேசில் சம்மதிக்கவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று இருந்துவிட்டார். அப்புறம்தான் வள்ளலார் இறங்கி வந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுக்க, 1867இல் முதல் நான்கு திருமுறைகள் அச்சாயின. அது அருட்பாவா மருட்பாவா என்று பிறகு கிளம்பிய சண்டை கோர்ட் வரைக்கும் போனது தனிக் கதை. "ஒரு வேளைச் சோத்தை விட்டவன் அந்தப் பாட்டை எப்படிப் படிச்சிருப்பான்னு யோசிச்சுப் பாரும்மா" என்றார். அவருக்குச் சர்க்கரை. பட்டினி கிடக்கிற யோசனையெல்லாம் நமக்கு வேண்டாம் சார் என்றேன்.

சங்கரா கவிதையில் ஒரு பாக்கி இருக்கிறது. அன்றைக்கே பெரியவர் அதில் 'லேசாய்' வேண்டாம் என்றார். எடுத்துவிட்டால் கடைசி வரி இன்னும் கெட்டியாக நிற்குமாம். மாணவியும் அதையே சொன்னாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல தாத்தா. எங்கம்மா பெட்டியை மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவுது. லேசாத்தான் அடிக்கும்." பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ இருக்கட்டும்" என்றார்.

போன வாரம் துணிக்கடைப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "நீ எழுதின அந்த 'யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க' வரி மனசை விட்டுப் போகவே இல்லம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்." நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. "வேலை மாறிட்டேன் க்கா. இப்போ மெட்ரோல போறேன். கேட் பக்கம் வர்றதில்ல."

மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று கேட்டேன். "காலைல கிடைக்காது க்கா. ராத்திரி கிடைக்கும்" என்று அனுப்பியிருக்கிறாள். எழுதுகிறாயா என்று மட்டும் நான் கேட்கவில்லை.