குதிகால் புடைப்பு எலுமிச்சைச் சாற்றில் கரையாது

குதிகாலின் பின்புறம் வரும் எலும்புப் புடைப்பு கால்சியம் படிவதால் வருவது, பாலை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை.

அது எங்கிருந்தோ வந்து ஒட்டிய படிவு இல்லை. குதிகால் எலும்பின் பின்பக்க மேல்விளிம்பே துருத்திக்கொண்டு நிற்பது. ஹக்லண்ட் புடைப்பு என்பார்கள். ஷூவின் விறைப்பான பின்பகுதி அதில் உரச உரச, எலும்புக்கும், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலஸ் தசைநாணுக்கும் நடுவே உள்ள சிறிய நீர்ப்பை வீங்கிவிடும். வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சாறு குடித்து எலும்பின் வடிவம் மாறாது. பாலை நிறுத்தினால் உடம்புக்கு வேண்டிய கால்சியம்தான் குறையும்.

வீக்கத்தைக் குறைக்க வழி உண்டு: பின்பக்கம் திறந்த செருப்பு, குதிகாலுக்கு அடியில் சின்ன மெத்தை, ஐஸ் ஒத்தடம், பிசியோதெரபி. மாதக்கணக்கில் இப்படிப் பார்த்தும் அடங்காதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை.

சரிபார்க்க விரும்பினால், பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயை எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். புடைப்பு குதிகால் எலும்போடு ஒன்றாகவே இருக்கும். செலவில்லாமல் பார்க்க, சில வாரம் ஷூவை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கம் திறந்த செருப்பு போடுங்கள். பலருக்கு வலி குறையும், புடைப்பு அப்படியேதான் இருக்கும்.