படிக்காமலே தெரிந்த பேய்கள்

திகில் இலக்கியத்தில் "கட்டாயம் படிச்சிருக்கணும், ஆனா இன்னும் படிக்கல" என்று வாசக நண்பர்கள் சொல்லும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா, ஜெக்கில்-ஹைடு. மூன்றும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. மூன்றின் கதையும் ஊருக்கே தெரியும். தெரியும் என்பதால்தான் யாரும் தொடாமல் கிடக்கின்றன. தெரிந்த கதைக்கு எதற்கு முந்நூறு பக்கம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

அந்தக் கணக்கு தப்பு. நமக்குத் தெரிந்திருப்பது சினிமாவில் வந்த கதை, புத்தகத்தில் இருக்கும் கதை வேறு. அதிலும் ஃபிராங்கன்ஸ்டைனில் எந்தப் பகுதி நம்மைத் தூங்கவிடாமல் செய்யுமோ, சரியாக அதைத்தான் சினிமா வெட்டி எடுத்திருக்கிறது.

1931இல் வந்த ஹாலிவுட் படத்தில் இடி, மின்னல், புகை கக்கும் இயந்திரங்கள் எல்லாம் உண்டு. தட்டைத் தலையோடு போரிஸ் கார்லோஃப் எழுந்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், உறுமுவார். இன்று வரை பொம்மையிலும் கார்ட்டூனிலும் நாம் பார்ப்பது அந்த முகம்தான். மேரி ஷெல்லி எழுதிய நாவலில், செத்த உடல்களிலிருந்து செய்த உருவத்துக்கு உயிர் வரும் இடம் ஒரு பத்திக்குள் முடிந்துவிடுகிறது. நவம்பர் மாத இரவு. சன்னல் கண்ணாடியில் மழை. மெழுகுவர்த்தி அணையப் போகிற நேரம். அந்த வெளிச்சத்தில் மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. எப்படி உயிர் கொடுத்தான் என்பதை, அதைச் செய்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் கடைசிவரை சொல்லவே மாட்டான்.

அடுத்து நடப்பதுதான் விஷயம். இரண்டு வருஷம் சோறு தண்ணி பாராமல் உழைத்தவன், கண் திறந்ததைப் பார்த்த மாத்திரத்தில் அருவருப்பு தாங்காமல் படுக்கையறைக்கு ஓடுகிறான். களைப்பில் தூங்கியும் போகிறான். கெட்ட கனவு கண்டு விழித்தால், கட்டிலின் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது. இவனையே பார்க்கிறது. வாயைத் திறந்து ஏதோ குழறுகிறது. கன்னம் சுருங்க ஒரு இளிப்பு. ஒரு கை நீள்கிறது. விக்டர் கீழே இறங்கி ஓடி, விடியும்வரை முற்றத்திலேயே கிடக்கிறான். அந்தக் கை பிடிக்க வந்ததா, தொட வந்ததா என்று மேரி ஷெல்லி தீர்த்துச் சொல்லவில்லை. விக்டர் தன்னைப் பிடிக்க வந்ததாக நினைக்கிறான். நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தொட வந்ததாகவே படுகிறது.

நாவலின் நடுவில் சில அத்தியாயங்கள் அந்தப் படைப்பின் வாய்மொழியாகவே வருகின்றன. ஆமாம், அது பேசும். விக்டரைவிடத் தெளிவாகப் பேசும். காட்டோரத்து ஏழைக் குடும்பம் ஒன்றின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே மொழியைக் கற்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் ராத்திரியில் விறகு வெட்டி வாசலில் போட்டு வைக்கிறது. வழியில் கிடைத்த பெட்டியில் இருந்த ஆங்கிலக் கவி மில்டனையும் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கையும் படிக்கிறது. வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறது. அவரும் அன்பாகவே பேசுகிறார். அந்த நேரம் மகன் வந்துவிடுகிறான், தடியால் அடிக்கிறான். திருப்பி அடித்தால் அவன் துண்டு துண்டாகிவிடுவான். அடிக்காமல் போய்விடுகிறது. நல்லவனாகத்தான் இருந்தேன், துன்பம்தான் என்னைப் பேயாக்கியது என்று பிறகு விக்டரிடம் சொல்லும்போது, எதிர்த்துப் பேச நமக்கு வாய் வராது. அது கொலை செய்கிறது, சின்னப் பையனைக்கூடக் கொல்கிறது. அதற்கு ஒன்றும் அறியாத வேலைக்காரப் பெண் ஜஸ்டினைத் தூக்கில் போடுகிறார்கள். யார் கொன்றது என்று தெரிந்த விக்டர், சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். எனக்கு இந்த நாவலில் ஆக பயங்கரமான இடம் அந்த மௌனம்தான். சினிமாவில் பலரும் இதைத் தொட்டதே இல்லை.

எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. அது 1816. முந்தைய வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போன வருஷம். ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு அடைந்து கிடந்த கூட்டத்தில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சொன்னது எல்லா அறிமுகக் கட்டுரையிலும் வரும். அதைவிட முக்கியமானது 1815இல் நடந்தது. மாதம் நிறையாமல் பிறந்த மேரியின் முதல் குழந்தை சில நாளில் இறந்துபோகிறது. குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்திருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதுகிறாள். மேரியைப் பெற்ற தாயும் இவள் பிறந்த சில நாளில் இறந்தவள். செத்ததற்கு உயிர் வர வேண்டும் என்று ஏங்கியவள் எழுதிய கதை இது. 1818இல் ஆசிரியர் பெயரே போடாமல் 500 பிரதி அச்சிட்டார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நாவலோடு ஒரு உறவு இருக்கிறது. 'பிரேத மனிதன்' என்று இதைத் தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன். அவருடைய 'காஞ்சனை' கதையைப் பத்துத் தடவை படித்தவர்கள்கூட இதைப் பற்றிப் பேசக் கேட்பது அரிது. காஞ்சனையில் பேய் இருக்கிறதா, தூக்கம் கெட்ட புருஷனின் பிரமையா என்று முடிவு சொல்லாமல் நம்மைத் திண்டாட விடுகிற அந்தக் கையே மேரி ஷெல்லியையும் தொட்டிருக்கிறது என்பதற்காகவாவது தேடிப் படிக்க வேண்டாமா?

டிராகுலா பற்றி வேறு மாதிரிதான் சொல்வேன். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி. ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் பக்கத்துக் கதையைச் சொல்ல ஆளே கிடையாது. முதல் நான்கு அத்தியாயம் அற்புதம். கோட்டையில் மாட்டிக்கொண்ட ஜோனதன் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான், பிரபு தலைகீழாக, பல்லி போல, சுவரில் இறங்கிப் போகிறார். அப்புறம் ஒரு கப்பலின் குறிப்பேடு வரும். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள், கடைசியில் கப்பல் கரை சேரும்போது சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்ட தலைவனின் பிணம் மட்டும் இருக்கும். இவை இரண்டுக்காகவே படிக்கலாம். நடுவில் இழுவை நிறைய. ஆண்கள் கூடிக் கூடித் திட்டம் போடுவதைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினால் குற்றமில்லை. வெயில் பட்டால் பிரபு சாம்பலாவார் என்று எதிர்பார்க்காதீர்கள். புத்தகத்தில் அவர் லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடக்கிறார். வெயிலில் சாவது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப் படம் சேர்த்த சரக்கு.

ஜெக்கிலும் ஹைடும் ஒரே ஆள் என்பது 1886இல் படித்தவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். நமக்கு அந்த அதிர்ச்சி இனி கிடைக்காது. ஆனாலும் புத்தகம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும் அளவுதான்.

கதை தெரிந்துவிட்டால் திகிலே போய்விடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். திரௌபதியின் சேலையை உருவும் கட்டம் எப்படி முடியும் என்று தெரியாமலா விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள்?

இதுவும் போதாது, கதையே தெரியாமல் பயப்பட வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் இருக்கிறார். 1959இல் வெளிவந்த 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவல். நம் பக்கத்தில் ஜாக்சனைப் படித்தவர்கள் குறைவு, படிக்காத பட்டியலில்கூட அவர் பெயர் வருவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். இருட்டில் பக்கத்துக் கட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் எலினார். சுவருக்கு அப்பால் ஏதோ குரல். விளக்கு வந்ததும் பார்த்தால் தோழி எட்டாத தூரத்தில், தன் கட்டிலில். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? கோரப்பல் கிடையாது. அந்த வீட்டில் என்ன இருந்தது என்று கடைசிப் பக்கத்திலும் சொல்ல மாட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் வரிசை இது. முதலில் ஃபிராங்கன்ஸ்டைன். மூல நூல் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசம், டிராகுலாவும் ஜெக்கிலும்கூட அங்கேயே உண்டு. ஆரம்பத்தில் ஒரு கப்பல்காரன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்கள் வரும். பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். நான்கே கடிதம்தான், படித்துத் தாண்டிவிடுங்கள். அடுத்து ஜாக்சன். டிராகுலா மூன்றாவதாக வரட்டும்.