நிக் ஜோனஸ் மீது மட்டும் பழி ஏன்?
லண்டன் ஓ2 அரங்கில் 2010 அக்டோபரில் நடந்த, விக்டர் ஹ்யூகோவின் நாவலைத் தழுவிய 'லே மிசரப்ள்' இசை நாடகத்தின் 25ஆம் ஆண்டு இசை நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்கள் கொதித்ததற்கு, நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாத பாப் பாடகர் நிக் ஜோனஸைச் சேர்த்ததுதான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சம்பந்தம் இல்லாதவர் என்பதை ஏற்க முடியாது. சிறுவனாக இருந்தபோதே நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயில் இதே நாடகத்தில் காவ்ரோஷ் என்ற தெருச்சிறுவனாக நடித்தவர். அதே 2010இல் லண்டன் மேடையில் மாரியுஸ் என்ற இளம் காதலன் வேடமும் ஏற்றார். குரல் எடுபடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே நிகழ்ச்சியில் ஒரு பக்கம் ஓப்பராவில் பழகிய பாடகர் ஆல்ஃபி போ, மறுபக்கம் இசை நாடகப் பாடகர் ரமின் கரிம்லூவின் கணீர்க் குரல். நடுவில் மென்மையான பாப் குரல் அமுங்கத்தானே செய்யும்? போதாததற்கு, இங்கே எல்லோரும் மைக் முன்னால் நின்றபடியே பாடுகிறார்கள். கேமரா முகத்துக்கு அருகில் வரும்போது புருவம் தடுமாறுவதுகூடத் தெரிந்துவிடுகிறது. தேர்வு செய்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இதே நாடகத்தின் 10ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, '1995 ராயல் ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சியோடு எல்லாம் முடிந்துவிட்டது' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு ஒன்று: அன்று எப்போனீன் என்ற இளம்பெண் வேடத்தில் பாடிய பாடகி லியா சலோங்கா, 2010இல் ஃபாந்தீன் என்ற தாய் வேடத்தில் நின்று பாடுவதை ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு பாட்டுக்காகவே நான் இந்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.