ரியாக்ட் ரவுட்டர் 6-க்குத் தனி டைப்ஸ் தேவையில்லை

ரியாக்ட் செயலிகளில் பக்கம் விட்டுப் பக்கம் செல்ல உதவும் நூலகமான ரியாக்ட் ரவுட்டர் 6-ஐ டைப்ஸ்கிரிப்டில் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) பயன்படுத்த, டைப் வரையறைகளை மட்டும் தரும் ‘அட்-டைப்ஸ்’ (@types) வரிசையில் உள்ள தனி பேக்கேஜையும் கட்டாயம் நிறுவ வேண்டும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். 5-ஆம் பதிப்புக்கு அது சரி. 2021 நவம்பரில் வந்த 6-ஆம் பதிப்பு டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டது. டைப் வரையறைகள் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. அந்தத் தனி பேக்கேஜ் இன்னும் 5-ஆம் பதிப்புக்கானதுதான், அதில் வேறு பக்கத்துக்குச் செல்ல 6-ல் பயன்படும் யூஸ்நேவிகேட் (useNavigate) ஃபங்ஷன் கிடையாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ரியாக்ட்-ரவுட்டர்-டாம் உள்ளே இருக்கும் பேக்கேஜ் ஜேசன் (package.json) கோப்பைத் திறங்கள். ‘டைப்ஸ்’ என்ற வரி டிஸ்ட் ஃபோல்டரில் உள்ள ஒரு டி.டிஎஸ் (.d.ts) கோப்பை, அதாவது டைப் வரையறைக் கோப்பைக் காட்டும். பேக்கேஜ் ஜேசனிலேயே பதிப்பு எண்ணையும் பாருங்கள். இன்னும் எளிய வழி வேண்டுமென்றால், விஎஸ் கோட் எடிட்டரில் யூஸ்நேவிகேட் மேல் கர்சரை வைத்து எஃப்12 அழுத்துங்கள், எந்தக் கோப்பு திறக்கிறது என்று தெரிந்துவிடும்.

யூஸ்நேவிகேட் இல்லை என்று பிழை வந்தால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய 5 தான் உட்கார்ந்திருக்கும். புதிதாகக் கற்பவர்கள் இதில் ஒரு மாலையையே இழப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.