காலியாக விட்ட தள்ளுபடிக் கட்டம்
நிரலை, உள்ளீட்டை வாங்கி விடை தரும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகவே எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங் முறை கல்லூரிப் பாடத்துக்குச் சரி, தினசரி வலைப்பக்க வேலைக்கு உதவாது என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கடைக்கு பில் போடும் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், தள்ளுபடிக் கட்டத்தை யாராவது காலியாக விட்டுவிட்டால் மொத்தத் தொகை வரவேண்டிய இடத்தில் எண்ணே இல்லை என்று பொருள்படும் ‘என்.ஏ.என்’ வந்து நிற்கும், கல்லாவில் இருந்தவர் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்புறம் அதே பக்கத்தை எல்ம் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியில் திருப்பி எழுதினேன். அங்கே எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் நேராக எண்ணைத் தராது, ‘மேபி’ என்ற உறையில் போட்டுத்தான் தரும், உள்ளே எண் இருந்தால் என்ன செய்வது, ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் பதில் எழுதும்வரை நிரலை ஓடவிடும் முன்பே சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலர் விடவே விடாது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தவறு அதோடு ஒழிந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர், வலைப்பக்கத் திரைகளை அமைக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் போதாதா என்று கேட்டிருக்கிறார். போதும்தான், ஆனால் ரியாக்டோடு பலரும் சேர்த்துப் பயன்படுத்துகிற ரிடக்ஸ் என்ற நூலகம் 2015இல் வந்தபோது, பக்கத்தின் அப்போதைய தரவை, அதாவது நிலையை, ஒரே இடத்தில் வைத்து, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து வேறெதையும் தொடாத தூய ஃபங்ஷன்களால் புதுப்பிக்கும் யோசனையை அதற்கு முன்பே 2012இல் வெளிவந்திருந்த எல்மிடமிருந்தும் எடுத்துக்கொண்டது, ரிடக்ஸின் ஆவணத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.